இரண்டு கோட் கறுப்பு பெயின்ட்

அன்றைக்குக் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அப்பா, அம்மா, மேனேஜர் சார், மாடி ரூம் அண்ணன், நான். பக்கத்து வீட்டு வெள்ளாடு ஒன்றும் வாசல் கம்பத்தில் கட்டியிருந்தது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லைதான். ஆனால் எதையாவது விட்டுவிட்டால் அது எனக்குப் பல நாள் உறுத்தும், அதனால் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பின்னால் பல பேர் சொன்னார்கள். இல்லை.

என் வயதுக்காரர்களே, நாற்பதை நெருங்கி, மாடிப்படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிற நம்ம செட்டுக்காரர்களே, பள்ளிக்கூடத்தில் என்னோடு உட்கார்ந்தவர்களுக்கு என்னைத் தெரியும். பரீட்சைத் தாளில் பெயர் எழுதினோமா என்று மூன்று தடவை திருப்பிப் பார்ப்பவள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள். ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். அதற்குக் காரணம் வேறு, இங்கே வேண்டாம். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

நான் சொல்வது ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவில் வந்த மூன்று வாரம். எனக்குப் பன்னிரண்டு வயது. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்ய ஆரம்பித்த புதிது. ஒரகடம் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றித் தொழிற்பேட்டைக்காக அகலமான ரோடுகள் போட்டுவிட்டார்கள். கம்பெனிகள்தான் இன்னும் வந்து சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ரோட்டில் மாடுகளும் மேனேஜர் சாரும் மட்டும்தான்.

மேனேஜர் சாருக்குப் பார்ட்ஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை, வீடு சென்னையில். யாரோ ஒரு பழைய பங்களாக்காரரிடமிருந்து வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். ரேஸ் கார் ஜாதியாம். இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது. கதவு என் இடுப்புக்குக் கீழே இருந்தது. சைக்கிள் சக்கரம் போலக் கம்பி வைத்த சக்கரங்கள். எஞ்சின் மூடியைத் தோல் பெல்ட்டால் கட்டி வைத்திருக்கும், மனிதன் வேட்டிக்குக் கட்டுவது மாதிரியே. சாவியைத் திருப்பிவிட்டு ஒரு குமிழை வெளியே இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். பக்கத்தில் போனால் புதுச் செருப்பும் பெட்ரோலும் கலந்த வாசனை. இப்போதும் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் எனக்கு அந்தப் பச்சை நிறம் கண்ணில் வந்து போகும்.

அவர் வீட்டில் அதை நிறுத்த இடமில்லை. எங்களிடம் கொட்டகை இருந்தது. அப்பா டிராக்டர் மெக்கானிக். டிராக்டர் குறைந்துகொண்டே வந்த காலம் அது. உழ நிலம் இருந்தால்தானே டிராக்டர். எங்கள் அரை ஏக்கரும் பேட்டைக்குப் போய், அந்தப் பணத்தில் மாடியில் இரண்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தோம். அதனால் மேனேஜர் சாரின் கார் எங்கள் கொட்டகைக்கு வந்தது அப்பாவுக்குப் பெரிய பிடிமானம். ஞாயிறுதோறும் அவர் அரை டவுசர் போட்டுக்கொண்டு வருவார். பெரிய மனிதர் ஒருவரை டவுசரில் நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மாடி ரூம் ஒன்றுக்கு ஆறு பையன்கள், பாய் மூன்று. நைட் ஷிஃப்ட் முடிந்து ஒருவன் வந்து படுக்கும்போது இன்னொருவன் எழுந்து போவான். அந்தப் பாய்களின் சூடு ஆறி நான் பார்த்ததேயில்லை. அவர்களில் ஒருவர்தான் நான் சொல்லும் அண்ணன். திருநெல்வேலிப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மேனேஜர் சாரின் கம்பெனியிலேயே டிரெய்னியாக இருந்தார். அப்பாவை அண்ணாச்சி என்பார். “மளிகைக் கடை வச்சவருக்குத்தான் எங்கூர்ல அந்தப் பேரு. என் வூட்டுக்காரருக்கு ஒரு பருப்பு மூட்டை கூட இல்லியேப்பா” என்று அம்மா கிண்டல் செய்வாள்.

அந்த அண்ணன் சட்டையில் மஞ்சள் பேட்ஜ் குத்தியிருக்கும். ஒருநாள் தண்ணீர் பிடிக்கும்போது என்னிடம் சொன்னார்.

“மஞ்ச பேட்ஜுன்னா டிரெய்னி, பாப்பா. தீவாளி முடிஞ்சதும் லிஸ்ட்டு ஒட்டுவாவ. அதுல பேரு இருந்தா நீல பேட்ஜு. பெர்மனென்ட்டு.”

“இல்லாட்டி?”

“இல்லாட்டி பேட்ஜைக் கழத்திக் குடுத்துட்டு பஸ் ஏறணும்.”

லிஸ்ட் எழுதுவது யார் என்று கேட்டேன். கொட்டகைப் பக்கம் கண்ணைக் காட்டினார். அன்றிலிருந்து அந்த லிஸ்ட் என் கவலையும் ஆகிவிட்டது. யாருடைய கவலை கிடைத்தாலும் எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இப்போது பெயின்ட்டுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் மெக்கானிக் கொட்டகைகளில் ஆயுத பூஜை என்றால் வெறும் பொட்டு வைப்பதோடு முடியாது. இரண்டு நாள் முன்பே ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் டீசலில் குளிக்கும். அப்புறம் பெயின்ட். துருப் பிடித்த இடமெல்லாம் கறுப்பு, மற்றது சில்வர். “ஒரு எடம் வுடக் கூடாது” என்று அப்பா வருஷா வருஷம் சொல்வார். நான் கை சிறுத்தவள். பெரியவர்கள் கை போகாத சந்துகளுக்கு நான்தான். தேய்ந்துபோன பிரஷ் ஒன்றின் பிடியை வெட்டிக் குட்டையாக்கி எனக்கென்று அப்பா வைத்திருந்தார். அந்த பிரஷ் எங்கே போயிற்றோ.

அதற்கு முந்தின வருஷம் நான் ஜாக்கியின் அடிப்பக்கம் பெயின்ட் அடிக்க விட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் தெரியும். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். கார்த்திகை மாதம் அந்த ஜாக்கி இறங்கி அப்பாவின் இடது கை மோதிர விரல் நசுங்கியது. நகம் போனது போனதுதான், திரும்ப முளைக்கவில்லை. ஜாக்கிதான் விரலை நசுக்கியது என்று ஊரே சொன்னது. அந்த அடிப்பக்கத்தை விட்டவள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வருஷம் முழுக்க அப்பா சோறு பிசையும்போதெல்லாம் அந்த விரலைப் பார்ப்பேன். சோறு இறங்காது.

ஆகவே இந்த வருஷம் மேனேஜர் சார், “நம்ம காருக்கும் அடியில ஒரு கோட் குடுத்துடுங்க” என்று சொல்லி, அப்பா என் கையில் கறுப்பு டப்பாவைக் கொடுத்தபோது நான் ஒரு முடிவோடு காருக்கு அடியில் நுழைந்தேன். ஒரு இடம் விடவில்லை. எஞ்சினுக்கும் காரின் சட்டத்துக்கும் நடுவில், ஜடை பின்னினது போல ஒரு செம்புப் பட்டை தொங்கியது. இரண்டு முனையிலும் போல்ட். பட்டைக்கு அடித்தேன். போல்ட் தலைக்கு அடித்தேன். அப்புறம்தான் தோன்றியது, போல்ட்டுக்கு அடியில்? பட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும் அந்த ரூபாய்க் காசு அகலத்துக்கு? அங்கே யாரும் பார்க்கப் போவதில்லை. ஜாக்கிக்கு அடியிலும்தான் யாரும் பார்க்கவில்லை.

ஸ்பானர் எடுத்து வந்து சட்டத்துப் பக்கத்து போல்ட்டைக் கழற்றினேன். பட்டையின் இரண்டு பக்கமும், அது உட்காரும் இடத்திலும், போல்ட் ஓட்டைக்குள்ளும், மரையிலும் அடித்தேன். மறுநாள் காய்ந்ததும் இன்னொரு கோட். அதுவும் காய்ந்த பிறகு மாட்டி, இரண்டு கையாலும் இறுக்கினேன். வாழ்க்கையில் ஒரு வேலையை முழுதாகச் செய்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றிய நாட்கள் குறைவு. அது ஒன்று.

பூஜை அன்றைக்குப் பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மேனேஜர் சார் பட்டு வேட்டியில் வந்திருந்தார். வேட்டியோடு அந்தக் காரில் உட்கார முடியாது. சுற்றும் பார்த்துவிட்டு, முதல் நாள் முழுக்க சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணனிடம் சாவியை நீட்டினார்.

“நீ எடுப்பா. மெயின் ரோடு வரைக்கும் போய்த் திரும்பு. கியர் எல்லாம் மாத்த வேணாம்.”

அண்ணன் சாவியை இரண்டு கையாலும் வாங்கினார். பக்கத்து சீட்டில் அப்பா. குமிழை இழுத்ததும் எஞ்சின் சோம்பலாக, இருமல்காரரைப் போல முனகிவிட்டு நான்கைந்து இழுப்பில்தான் பிடித்தது. “பேட்டரி வீக்கு” என்றார் அப்பா. எலுமிச்சம்பழம் நசுங்கியது, எல்லோரும் கை தட்டினோம். திரும்பி வந்து கேட்டுக்குள் நுழைந்தபோது கார் ஒரு துள்ளு துள்ளியது. அப்பாவின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. கூட்டம் சிரித்தது. அண்ணன் முகம் மட்டும் செத்துப் போயிருந்தது.

அடுத்த ஞாயிறு மேனேஜர் சார் ஓட்டினார். துள்ளல் கூடியிருந்தது. கிளட்ச் பெடலை மெதுவாக விட்டால் ஒன்றும் ஆகாது, ஆகாது, திடீரென்று கவ்விக்கொள்ளும். கார் தவளை மாதிரி எகிறும். ஸ்டார்ட்டரும் முன்னைவிடச் சோம்பல். புது பேட்டரி போட்டார்கள், சோம்பல் போகவில்லை. சோம்பலை ஒரு நோயாகவும் கவ்வலை இன்னொரு நோயாகவும் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

“கிளட்ச் பிளேட் கருகியிருக்கு” என்றார் மேனேஜர் சார். “பெடல் மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டியிருக்கான். ஒரு ரவுண்டு குடுத்தேன், ஒரே ரவுண்டு. ஒரு பெடலை மதிக்கத் தெரியாதவன்கிட்ட நாளைக்கு நான் மெஷினை எப்படிக் குடுப்பேன், சொல்லுங்க?”

அப்பா தலையைச் சொறிந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அன்று நான் அப்பாவிடம் கேட்டேன். “நீ பக்கத்துல தானே உக்காந்துகினு இருந்த? அண்ணன் காலு பெடல்ல இருந்துச்சா?”

“உனக்கு இன்னா அதெல்லாம்? போய்ப் படி.”

“இருந்துச்சா, இல்லியா?”

“சொல்றேன்ல, போ.”

இப்போது எனக்குப் புரிகிறது. அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கொட்டகையில் நின்றிருந்த ஒரே வண்டி அதுதான். அதன் சொந்தக்காரர் ஒன்று சொல்லும்போது அதை மறுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அதோடு, தெற்கத்திப் பையன்களுக்குக் கால் கனம், பிரேக்கைப் போட்டு மிதிப்பார்கள் என்று ஒரு பேச்சு எங்கள் பக்கம் இருந்தது. அதைப் பாதி நம்பவும் செய்தார். அந்தப் பையன்கள் அதுவரைக்கும் சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டினதில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அண்ணன் மாடியிலிருந்து இறங்குவதையே குறைத்துக்கொண்டார். ஒருநாள் வந்து, “அண்ணாச்சி, பிளேட்டு என்ன வெலை ஆவும்? என் ஸ்டைபெண்டுல மாசா மாசம் பிடிச்சுக்கிடுங்க” என்றார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல், “பாப்போம்பா, பாப்போம்” என்றார். அம்மா தட்டை நங்கென்று வைத்தாள்.

“அவன் சாப்புட்டே ரெண்டு நாள் ஆவுது. பாப்போம் பாப்போம்னா இன்னாத்த பாக்கப் போற?”

இனி அந்த நாள். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. ராத்திரியெல்லாம் மழை பெய்து காலையில் விட்டிருந்தது. கொட்டகை ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினை இறக்கிப் பிளேட்டைப் பார்த்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. பிளேட் கருகியிருந்தால் கதை முடிந்தது. அண்ணனையும் மேனேஜர் சார் வரச் சொல்லியிருந்தார். “அவனும் கண்ணால பாக்கட்டும்” என்று.

அப்பா முதலில் தனக்குத் தெரிந்த சோதனைகளைச் செய்தார். பெடலைக் கையால் அழுத்தி, எவ்வளவு தூரம் சும்மா இறங்குகிறது என்று பார்த்தார். சரியாக இருந்தது. கிளட்ச் மூடியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை. அதில் விரலை விட்டு முகர்ந்தார். எஞ்சின் ஆயில் கசிந்து பிளேட்டில் பட்டிருந்தால் விரலில் ஒட்டும். விரல் காய்ந்துதான் வந்தது. கடப்பாரையை எஞ்சினுக்கு அடியில் கொடுத்து நெம்பிப் பார்த்தார். எஞ்சின் உட்கார்ந்திருக்கும் ரப்பர்கள் கிழிந்திருந்தால் கார் இப்படித்தான் குதிக்குமாம். ரப்பர் கல் மாதிரி இருந்தது.

“அப்ப பிளேட்டுதான்” என்றார் மேனேஜர் சார். அண்ணன் சட்டையில் இருந்த மஞ்சள் பேட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எஞ்சினை இறக்க வேண்டுமானால் காரை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். மேனேஜர் சார் உட்கார்ந்து குமிழை இழுத்தார். எஞ்சின் முனகியது. மறுபடி இழுத்தார். முனகல். எஞ்சின் மூடி திறந்திருந்தது, நான் பக்கத்தில் நின்றேன். பயம் வந்தால் எதையாவது பிடித்துக்கொள்வேன். கைக்கு எட்டினது கிளட்ச் ஒயர். சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரிதான், ஆனால் சுண்டுவிரல் கனம். பெடலிலிருந்து கிளட்ச்சுக்குப் போவது.

கையை உதறினேன். “அம்மா! சுடுது!”

“எஞ்சின்னா சுடாதா? தள்ளி நில்லு” என்றார் அப்பா.

“எஞ்சின் சில்லுன்னு கீதுப்பா. இப்பதானே தொட்டேன். ஒயர்தான் சுடுது.”

யாரும் காதில் வாங்கவில்லை. அண்ணன் மட்டும் வந்தார். “எது பாப்பா? எங்கன?” காட்டினேன். அவர் தொட்டுவிட்டு விரலைக் காதுமடலில் வைத்துக்கொண்டார். அப்புறம், “சார், இன்னொரு வாட்டி இழுங்க” என்றார். அந்த மூன்று வாரத்தில் அவர் மேனேஜர் சாரைப் பார்த்து நேராகப் பேசினது அதுதான் முதல் தடவை.

இழுத்தார். ஒயரின் மேலிருந்து நூல் போலப் புகை கிளம்பியது. ஊதுவத்திப் புகை அளவுதான்.

“அண்ணாச்சி, இந்த எஞ்சினுக்கு எர்த்து எங்கன இருக்கு?”

அப்பாவுக்கு அது உடனே பிடிபடவில்லை. டிராக்டரில் எஞ்சின்தான் உடம்பே, எல்லாம் இரும்போடு இரும்பு. அதற்குத் தனியாக எர்த் தேவைப்படாது. அண்ணன் சொன்னார், பேட்டரியிலிருந்து கிளம்பி ஸ்டார்ட்டரைச் சுற்றிவிடுகிற கரண்ட் திரும்பி வர வேண்டும். இதில் எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கிற எர்த் அடைபட்டால் கிடைத்த கம்பி வழியாகப் போகும்.

“இந்த ஒயர் வழியாப் போகுது போல. அதான் ஸ்டார்ட்டரும் முனங்குது, ஒயரும் வேகுது. உள்ள கிரீஸ் வெந்துபோனா ஒயர் ஒட்டிக்கிட்டு, பொறவு வெடுக்குன்னு விடும். பெடலை நாம எவ்வளவு மெதுவா விட்டாலும் ஒண்ணும் பண்ண முடியாது, அண்ணாச்சி.”

அப்பா டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு காருக்கு அடியில் போனார். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து குரல் வந்தது.

“எர்த் பட்டை கீதே. நல்லா டைட்டா கீது. புது பெயின்ட்டோட பளபளன்னு கீது. இது இல்ல தம்பி.”

மேனேஜர் சார் கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, விடுங்க. எஞ்சினை இறக்குங்க.” அண்ணனின் தோள் இறங்கியது. அதை நான் பார்த்தேன்.

ரப்பரில் போகாத கரண்ட் பெயின்ட்டில் மட்டும் போகுமா? நான் முழுதாகச் செய்த வேலை அது. சொன்னால் அப்பாவின் பிடிமானம் போகும். இந்தக் காரே போகும். சொல்லாவிட்டால் அண்ணன் பஸ் ஏறுவார். இதை நீட்டிச் சொல்கிறேன், நடந்தது என்னவோ ஆடு ஒரு தடவை கத்துகிற நேரம்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். வெளியே இருந்தது கால்கள். கால்களைப் பார்த்துச் சொன்னேன்.

“பட்டைக்கு அடியிலயும் அடிச்சேம்பா.”

ஆடிக்கொண்டிருந்த கட்டைவிரல் நின்றது.

“இன்னாது?”

“போல்ட்ட கழட்டி, அடியில. ஓட்டைக்குள்ளயும்.”

அப்புறம் உள்ளேயிருந்து கேட்டார். “எத்தினி கோட்டு?”

“ரெண்டு.”

முதலில் சிரித்தது அம்மாதான். வாயைப் பொத்திக்கொண்டு, முடியாமல், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அப்பவே சொன்னேன், இது கையில எதையும் குடுக்காதன்னு. தோசைக்கல்லுக்கு அடியிலயும் எண்ணெ தடவுற பொண்ணாச்சே!”

அப்பா வெளியே வந்தார். முதுகெல்லாம் சேறு. அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. மேனேஜர் சார்தான் கேட்டார், குனிந்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போல.

“போல்ட்டைக் கழட்டி அதுக்கு அடியில எதுக்கும்மா பெயின்ட் அடிச்ச?”

ஜாக்கியைச் சொன்னேன். விட்டுப்போன அடிப்பக்கத்தைச் சொன்னேன். விரலைச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அப்பா தன் நகமில்லாத விரலை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார்.

“அடிப் பைத்தியமே. அது ஜாக்கியில வாசர் தேஞ்சி போயிருந்துது. அஞ்சு ரூபா வாசர். நாளைக்கு மாத்திக்கலாம், நாளைக்கு மாத்திக்கலாம்னு நான்தான் வுட்டேன். இத்தினி நாளா அதையா வச்சிகினு இருந்த?”

ஒரு வருஷத்துக் கனம் அந்த அஞ்சு ரூபாயில் இறங்கிப் போனது. நான் இன்னும் சத்தமாக அழுதேன்.

அப்புறம் அப்பா மேனேஜர் சார் பக்கம் திரும்பினார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும்.

“சார், ஒரு எடம் வுடாதன்னு சொன்னது நான். குழந்தை மேல தப்பு இல்ல. தம்பி மேலயும் இல்ல. பூஜை அன்னைக்கு நான் பக்கத்துலதான் உக்காந்துகினு போனேன். அவன் காலு பெடல் மேல இல்ல, தரையிலதான் இருந்துது. பாத்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல.”

மேனேஜர் சார் காருக்கு அடியைக் காட்டினார். “முதல்ல அதைச் சுரண்டுங்க, பாப்போம்” என்றார்.

உப்புத்தாளை என் கையில்தான் கொடுத்தார் அப்பா. நானே உள்ளே போய்ச் சுரண்டினேன். கறுப்புக்கு அடியிலிருந்து இரும்பு வெள்ளையாக வந்தது, தேங்காய்ப் பத்தை மாதிரி. பட்டையின் முனை என் சுரண்டலில் கிழிந்துவிட்டது. இருந்தாலும் மாட்டி இழுத்ததும் ஸ்டார்ட்டர் ஒரே உறுமலில் எஞ்சினை எழுப்பிவிட்டது. ஆடு மிரண்டு கம்பத்தைச் சுற்றி ஓடியது. பெடல் மட்டும் இன்னும் கவ்வியது. ஒயரைக் கழற்றி உருவினார் அப்பா. உள்ளே கிரீஸ் கருகி, காய்ந்துபோன கோந்தாக இருந்தது.

“புதுசு வாங்கணும். நான் போயிட்டு வாரேன்” என்று அண்ணன் கிளம்பினார். பணம் கேட்கவும் இல்லை, அந்தப் பரபரப்பில் யாரும் கொடுக்கவும் இல்லை. தீபாவளி நேரம், ஸ்ரீபெரும்புதூரில் ஞாயிறும் கடை திறந்திருந்தது. மறுபடி பிடித்த மழையில் நனைந்துகொண்டு மூன்று மணிக்கு வந்தார். வேறு ஏதோ வண்டியின் ஒயரை அளவுக்கு வெட்டி, முனை வைத்து, கூடவே ஒரு புதுச் செம்புப் பட்டையும் வாங்கியிருந்தார். என் கையில் எதையோ திணித்தார். காகிதத்தில் சுற்றிய தேன்மிட்டாய்.

மாட்டி முடித்ததும் மேனேஜர் சார் ஒரு சுற்றுப் போய் வந்தார். கார் துள்ளவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவது போலக் கேட்டுக்குள் வந்து நின்றது. இறங்கி, கொஞ்சம் நின்று, சாவியை அண்ணனிடம் நீட்டினார். “நீயும் ஒரு ரவுண்டு போய் வா.” மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. அண்ணன் இந்தத் தடவை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். காலியாகக் கிடந்த அந்தப் பெரிய ரோட்டில், ஈரக் காற்று மூஞ்சியில் அடிக்க, தேன்மிட்டாய்ப் பாகு விரலில் ஒட்ட, நான் அவருடைய இடது காலை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தேன். கால் தரையில்தான் இருந்தது.

கிளம்பும்போது மேனேஜர் சார், “உன் டிரெய்னி நம்பர் என்னப்பா?” என்று கேட்டு, சிகரெட் பாக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். எதற்கு எழுதினார்? லிஸ்ட்டில் சேர்க்கவா, அடிக்கவா? அந்தத் தீபாவளிக்கு நான் ஒரு வெடி வெடிக்கவில்லை. சிகரெட் தீர்ந்ததும் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அண்ணனிடமே கேட்டேன். “ஏ பாப்பா, எனக்கு அது தோணவே இல்ல. இப்பம் நீ சொல்லி எனக்கும் வயித்தக் கலக்குது” என்றார். இருவரும் சேர்ந்து கவலைப்பட்டோம். அம்மா இருவருக்கும் சேர்த்துச் சோறு போட்டாள்.

பத்து நாள் கழித்து, காலை ஷிஃப்ட் முடிந்து அவர் தெருமுனையில் திரும்பும்போதே பார்த்துவிட்டேன். சட்டையில் நீலம். நான்கு வீடு தள்ளியிருந்தும் தெரிந்தது. கிட்டே வந்ததும் தொட்டுப் பார்த்தேன், நன்றாகக் குத்தியிருக்கிறதா என்று.

அந்தக் கார் பின்னால் விலைபோய்விட்டது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பையன்கள் தங்கும் மூன்று மாடி. படிப்பை நிறுத்திச் சில வருஷம் வீட்டில் இருந்த பிறகு நான் வல்லம் வடகாலில் வண்டிக்கு ஒயர் பின்னும் கம்பெனியில் சேர்ந்தேன். பதினெட்டு வருஷமாகிறது. எர்த் ஒயர் மாட்டும் இடத்தில் பெயின்ட் படிந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மற்றவர்கள் ஒரு தடவை பார்ப்பார்கள். நான் எத்தனை தடவை பார்ப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அதற்காக என்னைத் திட்டாத ஒரே இடம் அதுதான்.

அண்ணன் இங்கேயே வீடு கட்டிக்கொண்டார். அவருடைய பெண் கல்லூரிக்குப் போகிறாள். நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்கிறோம். இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். அன்றைக்கு அவர் கையிலிருந்து போட்ட காசை, “வாடகையில கழிச்சிக்க தம்பி” என்றார் அப்பா. “பாத்துக்கிடலாம் அண்ணாச்சி” என்றார் அவர். மாசா மாசம் முழு வாடகையையே கொடுத்தார். அப்பா சுவர்க் காலண்டரின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தார். வருஷம் முடிந்து காலண்டர் போனது. எனக்கு மட்டும் மனப்பாடம். பட்டை முப்பத்தெட்டு. ஒயர் எண்பது. பஸ்ஸுக்குப் போக வர ஏழு. தேன்மிட்டாய் இரண்டு ரூபாய்க்கு. மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன். நூற்று இருபத்தேழு ரூபாய். இன்னும் கொடுக்கவில்லை.